உள்ளங்காலில் பட்டைக் கறை

நடக்காத குழந்தையின் உள்ளங்காலில் அழுக்கு எப்படி வரும்?

ஆம்பூரில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில், ஒரு சாயங்காலம் மகளை மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டு எனக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி இது. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். மகளுக்கு ஒரு வயது முடிந்து, அதற்குப் பிறகு ஒரு மழைக்காலமும் போய்விட்டது. அவள் நடக்கவில்லை. நிற்கவும் இல்லை. உட்கார வைத்தால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஈர மூட்டை மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவாள். எப்போதும் யாராவது ஒருத்தர் இடுப்பில், இல்லாவிட்டால் தூளியில். எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரை எப்படி இருக்கும் என்றுகூட அவள் காலுக்குத் தெரியாது.

அப்படிப்பட்டவளின் கால்விரல் இடுக்குகளில் பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. ஈரத் துணியால் துடைத்தேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினேன், அவள் சிணுங்கினாள். முகர்ந்து பார்த்தேன். எங்கள் ஊரில் எல்லாமே ஒரே தோல் வாசனைதான், அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒன்று கவனித்தேன். குதிகால், பாதம், கணுக்கால் எல்லாம் பளிச்சென்று கழுவியிருந்தது. அழுக்கு ஆக்கினதும் யாரோ, கழுவினதும் யாரோ.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சந்தேகப் பிராணி. குடியாத்தத்தில் தறி ஓடும் வீட்டில் பிறந்தவள். சாயம் போகாத நூல் என்று சொல்லி விற்பவனிடம் வாங்கி, ஒரு இழையை எச்சிலில் நனைத்துப் புடவை முந்தானையில் தேய்த்துப் பார்க்கிற குடும்பம். அந்தக் குணம் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே வந்துவிட்டது. பால்காரன் எதிரிலேயே பாலில் விரலை விட்டுப் பார்ப்பேன். சிரித்துக்கொண்டு பேசுகிறவர்களைக் கண்டால் கதவைச் சாத்துவேன். என் வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனுஷர். அவரே ஒருமுறை சொன்னார், "நீ சாமி கும்புடும்போதுகூட ஒரு கண்ண தெறந்துதான் வெச்சிருப்பே."

அவர் டேனரியில் பட்டைக் கொட்டகை மேஸ்திரி. தோலைப் பதம் செய்ய ஆவாரம்பட்டையை இடித்து ஊறவைப்பார்களே, அந்த இடத்துக்கு அவர்தான் பொறுப்பு. வீட்டில் அவரும் நானும் மகளும் என் மாமியாரும். மாமனார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார்.

மாமியார் குழந்தையைத் தரையில் விடமாட்டார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் பெற்றதில் ஒன்று தவழ்கிற வயதில், டேனரிச் செருப்போடு வீட்டுக்குள் வந்துவிட்ட சுண்ணாம்புக் கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு செத்துப்போனது. அதனால் என் மகளை அவர் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தார். கை வலித்தால் என்னிடம் தருவார். என் கை வலித்தால் தூளி. அதே மாமியார்தான், "வருசம் திரும்பியும் நிக்க மாட்டுதே இந்தப் பொண்ணு" என்று ஒவ்வொரு நாளும் பெருமூச்சு விடுவார். இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றும். ஆனால் கேட்க முடியாது. ஏனென்றால் என் மடியில் கனம் இருந்தது.

என் தம்பிக்குச் சின்ன வயசுக் காய்ச்சலில் ஒரு கால் சூம்பிவிட்டது. பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டில் அவனைத் தறிக்குழியில் உட்கார வைத்துவிட்டார்கள். தறியில் உட்கார்ந்திருக்கிறவன் எழுந்து வணக்கம் சொல்லாவிட்டால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். கல்யாணத்துக்குப் பிறகு பொங்கல் சீர் கொண்டுவந்தவன், எங்கள் தெருமுனையிலிருந்து வீடு வரைக்கும் விந்தி விந்தி நடந்து வந்தான். மாமியார் வாசலில் நின்று அதை முழுசாகப் பார்த்தார். அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை. சேர்த்து வைத்துக்கொண்டார்.

மகள் நிற்கவில்லை என்றதும் சேர்த்து வைத்தது வெளியே வந்தது. "எங்க வூட்டுப் பசங்க பத்தாம் மாசமே ஓடும். இது எந்த வூட்டுக் காலோ?" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்வார். பிறகு ஒருநாள் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். "தை பொறக்கட்டும். எங்க அண்ணன வரச்சொல்லி இருக்கேன். ஒக்காந்து பேசிட்றோம்." பேசிவிடுகிறோம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே ஒருத்தியை இப்படிப் பேசித்தான், "கொஞ்ச நாள் அம்மா வூட்ல இருக்கட்டும்" என்று அனுப்பினார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை.

அலமாரியில் ஒரு தகர டப்பாவில் பச்சரிசி மாவு வைத்திருந்தார் மாமியார். குழந்தை நடந்த அன்றைக்குக் கொழுக்கட்டை செய்து, அதில் குழந்தையின் பாதத்தைப் பதித்து, அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். அதற்காக இடித்து வைத்த மாவு. அதில் வண்டு வந்துவிட்டது. சலித்தார், வெயிலில் காயவைத்தார், திரும்பவும் டப்பாவில் போட்டு மூடினார். அவர் சலிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சல்லடைச் சத்தம் என்னைத் திட்டுவதற்காகவே கேட்பதுபோல இருக்கும்.

டாக்டரிடமும் போனோம். எங்கள் ஊரில் அப்போது ஒரு டாக்டரம்மா இருந்தார். குழந்தையின் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார், முதுகைத் தட்டினார், மேசைமேல் நிற்க வைத்துக் கையை விட்டார். அவள் சரிந்ததும் பிடித்துக்கொண்டார்.

"எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தூக்கினே இருந்தா குழந்தைக்கு எப்படிம்மா நிக்கத் தெரியும்? கீழ விடுங்க. உருளட்டும், சாயட்டும், விழட்டும். மடியில வெச்சு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்ச்சு விளையாட்டுக் காட்டுங்க. விழாம இருக்க அதுவே கத்துக்கும்."

மருந்து எழுதவில்லை. ஊசி போடவில்லை. மருந்தே எழுதாத டாக்டரை எப்படி நம்புவது? விளையாடினால் கால் வரும் என்றால் ஊரில் நொண்டியே இருக்கமாட்டான் என்று வழியெல்லாம் மாமியார் சொல்லிக்கொண்டு வந்தார். வாழ்க்கையில் அவரும் நானும் ஒத்துப்போன மிகச் சில விஷயங்களில் அதுவும் ஒன்று. என் வீட்டுக்காரர் டாக்டர் வீட்டு வாசற்படியில், செருப்பைக் கழற்றிவிட்டுக் குடையோடு நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. வரவும் மாட்டார்.

அதைச் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் பெரியவர்கள் எதிரில் பெற்ற குழந்தையைக் கொஞ்சுகிற ஆம்பிளையை வெட்கம் கெட்டவன் என்பார்கள். என் வீட்டுக்காரர் தன் அம்மா எதிரில் மகளை ஒருநாளும் தொட்டுக் கொஞ்சியதில்லை. சாப்பிடும்போது அவள் தூளியிலிருந்து எட்டிப் பார்த்து "ப்பா" என்பாள். அவர் சோற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். சில சமயம் எனக்கே சந்தேகம் வரும், இந்த மனுஷருக்கு இந்தக் குழந்தைமேல் ஆசை இருக்கிறதா இல்லையா என்று.

டாக்டர் கைவிட்டால் என்ன, எங்கள் ஊரில் இன்னொரு வழி இருக்கிறது. சாயங்காலத் தொழுகை முடிந்து மசூதியிலிருந்து வெளியே வருகிறவர்கள், வாசலில் குழந்தையோடு நிற்பவர்களைப் பார்த்தால், ஓதி, குழந்தையின் முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். எந்தச் சாதி, எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. மாமியார் தினமும் மகளைத் தூக்கிக்கொண்டு போய் நின்றுகொண்டிருந்தார். மார்கழி பிறந்ததும் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. நான் போகிறேன் என்றேன். அதற்குள் தலையைக் குனிந்தபடியே என் வீட்டுக்காரர் சொன்னார், "வேலை முட்ச்சிட்டு வந்து நானே தூக்கினு போறேன். அந்தப் பக்கம்தான் எனக்கும் வேலை கீது."

எனக்கு அப்போதே மூக்கில் வேர்த்தது. சாயங்காலத்தில் அவருக்கு என்ன வேலை?

போனார். தினமும் போனார். மசூதி எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் அவர் தொழுகைக்கு வெகுநேரம் முன்பே கிளம்பி, விளக்கு வைத்த பிறகுதான் வருவார். வந்ததும் குழந்தையை என்னிடம் நீட்டி, "ஊதினாங்க" என்பார். அவ்வளவுதான்.

குழந்தையிடம் மாறுதல் தெரிந்தது. இடுப்பில் வைத்துக்கொண்டு நான் குனிந்தால் முன்பெல்லாம் என் கழுத்தைப் பிடித்துக்கொள்வாள். இப்போது இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு சிரித்தாள். நான் நிமிர்ந்தால் திரும்பவும் குனியச்சொல்லி உந்தினாள். முழங்கையில் ஒரு சிராய்ப்பு. சட்டை மடிப்பில் ஒரு மரச் சிம்பு. அப்புறம்தான் அந்தக் கறை.

முதலில் தோன்றியது செய்வினை. காலடி மண்ணை எடுத்து வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நடக்காத குழந்தைக்குக் காலடி மண் ஏது? அதனால் காலில் மையோ சாந்தோ தடவி அச்சு எடுத்திருப்பார்கள். அவரை யாரோ ஏமாற்றி எந்த மந்திரவாதியிடமோ இழுத்துக்கொண்டு போகிறார்கள். இப்படி ஒருநாள் முழுக்க நினைத்தேன். மறுநாள் பாத்திரம் தேய்க்கும்போது இன்னொன்று பளிச்சிட்டது. கால் கழுவியிருந்ததே! மந்திரவாதி கால் கழுவிவிடுவானா? என் வீட்டுக்காரர் தன் கையையே இரண்டாம் முறை சொன்னால்தான் கழுவுகிறவர். குழந்தையின் காலைக் கணுக்கால் வரைக்கும் தேய்த்துக் கழுவி, ஈரம்போகத் துடைத்தும் அனுப்புவது ஒரு பொம்பளைதான்.

அந்த இடத்தில் என் கை நின்றுவிட்டது. சாம்பலும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். நான் குடியாத்தம் போகவேண்டியவள், என் இடத்துக்கு ஒருத்தியை ஏற்கெனவே பார்த்து வைத்தாகிவிட்டது. குழந்தையையும் அவளிடம் பழக்குகிறார்கள். இப்படி எல்லாம் வரிசையாகப் பொருந்தியது. பொருந்தினால் நம்பிவிடுவது என் சுபாவம்.

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் அக்கா. தண்ணீர் பிடிக்கும்போது சும்மா கேட்பதுபோலக் கேட்டேன், "எங்க வூட்டுக்காரரை மசூதியாண்ட பாத்தாராக்கா உங்க வூட்டுக்காரர்?"

"ஆரம்பத்துல ரெண்டு நாள் பாத்தாராம். அப்பறம் காணோம்னு அவரே சொன்னாரு. பொண்ணுக்குச் சரியாய்டுச்சா இன்னா?"

சரியாகிவிட்டது என்றேன். குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெரு திரும்பியதும், கிருஷ்ணாயில் பாட்டிலைக் கையில் எடுத்தேன். "வாங்கியாறேன் அத்தை" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால், அரக்கோணத்திலிருந்து வருகிற மாமியாரின் அண்ணன் முன்னால் நான் மட்டும் குற்றவாளியாக நிற்கவேண்டாம். அதுதான் என் எண்ணம். அழவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவ்வளவு கோபம்.

அவர் மசூதித் தெருவுக்குள் திரும்பவே இல்லை. நேராகப் போனார். கடைத்தெரு முடிந்தது, வீடுகள் முடிந்தன. டேனரிச் சுவரை ஒட்டி, பாலாற்றங்கரைப் பக்கம் இறங்கினார். அங்கே சாறு போன ஆவாரம்பட்டையைக் கொட்டிக் காயவைத்திருப்பார்கள். அடுப்பெரிக்க ஆகும். மேடு மேடாக, மெத்தென்று கிடக்கும். நான் சுவர் மூலையில் நின்றுகொண்டேன்.

நினைத்தது போலவே ஒரு பொம்பளை இருந்தாள். மேட்டடியில் குந்திக்கொண்டிருந்தாள். என் கையில் பாட்டில் வழுக்கியது. அவள் எழுந்து திரும்பினாள். பல் போன கிழவி. கூடை நிறையப் பட்டை பொறுக்கி வைத்திருந்தாள்.

"இன்னா மேஸ்திரி, நேத்து ரொம்ப வுழுந்தாளா?"

"கம்மிதான். இன்னிக்கி பாக்கணும்" என்றார் என் வீட்டுக்காரர். அந்தக் குரலை நான் வீட்டில் கேட்டதே இல்லை. அதில் சிரிப்பு இருந்தது.

கிழவி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். பட்டை பொறுக்க வருகிறவளுக்குத் தெரிந்தது பெற்றவளுக்குத் தெரியவில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் சட்டையைக் கழற்றிச் சுவர்மேல் போட்டுவிட்டு, பட்டைமேட்டுச் சரிவில் காலை நீட்டி உட்கார்ந்தார். மகளை முழங்கால்கள்மேல் தன்னைப் பார்த்து உட்கார வைத்தார். ஒரு முழங்காலை உயர்த்தினார். அவள் சாய்ந்தாள். விழப்போகிறாள் என்று நான் மூச்சைப் பிடித்தேன். அவள் இரண்டு கையையும் அகல விரித்து, உடம்பை மறுபக்கம் வளைத்து நிமிர்ந்துகொண்டாள். அடுத்த முழங்கால். திரும்பவும் சாய்ந்தாள், திரும்பவும் நிமிர்ந்தாள். அவர் கை அவள் இடுப்பைப் பிடிக்கவில்லை, பக்கத்தில் சும்மா இருந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து வருகிற குட்ஸ் வண்டி மாதிரி வாயால் சத்தம் போட்டார். வளைவு வருகிறது என்று சொல்லிச் சாய்த்தார். பாலம் வருகிறது என்று குலுக்கினார். வீட்டில் உப்பு கேட்பதற்கே யோசிக்கிற மனுஷர்.

அப்புறம் ஒரு விளாங்காயைச் சரிவில் உருட்டிவிட்டார். அவள் பட்டைக்குள் கையும் காலும் புதையப் புதையத் தவழ்ந்து போய் அதைப் பிடித்தாள். பிறகு அவர் எழுந்து நின்று, அவள் பாதம் இரண்டையும் தன் பாதங்களின்மேல் வைத்து, கைகளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நடந்தார். அவர் கால் எடுத்தால் அவள் காலும் எடுத்தது. குட்ஸ் வண்டி கூவியது. அவளும் "கூ" என்றாள்.

கடைசியில் அவளைக் கணுக்கால் புதையப் பட்டையில் நிறுத்திவிட்டு, கையை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார். அவள் ஆடினாள். விழுந்தாள். முகம் குப்புறப் பட்டைக்குள். நான் பாய்ந்துவிட்டிருப்பேன். அவர் பாயவில்லை, குந்தியபடியே பார்த்துக்கொண்டிருந்தார். கல்நெஞ்சுக்காரர் என்று மனசுக்குள் வைதேன். அவள் தலையைத் தூக்கினாள், தும்மினாள். கையை ஊன்றி, பின்பக்கத்தை உயர்த்தி, தள்ளாடி நின்றாள். ஒரு காலைப் பட்டையிலிருந்து உருவி முன்னால் வைத்தாள். அப்புறம் மறு கால். கையை விரித்துக்கொண்டு, ஆடி ஆடி, அவர் மார்பில் போய் விழுந்தாள்.

அவர் உடனே அவளைக் கொஞ்சவில்லை. முதலில் சுற்றுமுற்றும் பார்த்தார், யாராவது பார்க்கிறார்களா என்று. நான் சுவருக்குள் ஒடுங்கினேன். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு, தான் குடிக்க வைத்திருந்த சொம்புத் தண்ணீரை ஊற்றி அவள் காலைக் கழுவினார். குதிகால், பாதம், கணுக்கால் எல்லாம் தேய்த்து, தோள் துண்டால் துடைத்தார். விரல் இடுக்கைத்தான் விட்டுவிட்டார்.

என் மகள் நடந்துவிட்டாள். அந்தச் சந்தோஷம் எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. அதற்கு முன்னால் பொறாமை வந்தது. பத்து மாதம் சுமந்தவள் சுவருக்குப் பின்னால் நிற்கிறேன், முதல் அடி அவருக்கா? ஆனால் நான் வெளியே போகவில்லை. போயிருந்தால் அவர் கூனிக் குறுகிப்போயிருப்பார். மறுநாளிலிருந்து குட்ஸ் வண்டி நின்றுபோயிருக்கும். காலிப் பாட்டிலோடு வேகமாக வீட்டுக்கு வந்தேன். கடையில் கிருஷ்ணாயில் தீர்ந்துவிட்டது என்று சொன்னேன்.

அவர் வந்தார். குழந்தையை நீட்டினார். "ஊதினாங்க" என்றார்.

சொல்வார், சாப்பிட்டபின் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. அடுத்த நாளும் இல்லை. மாமியார் மாவைச் சலித்துக்கொண்டிருந்தார், பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது, இவர் வாயைத் திறக்கவில்லை. எனக்குத் திரும்பவும் சந்தேகம். அம்மாவும் மாமனும் பேசப்போவது இவருக்குத் தெரிந்தும் பேசாமல் இருக்கிறாரே, குழந்தையை வைத்துக்கொண்டு என்னை அனுப்பிவிட எண்ணமோ? நானாகவும் கேட்கவில்லை. பல வருஷம் கழித்துக் கேட்டபோதுதான் சொன்னார், "பட்டைமேல நடந்துச்சு. தரையில நடக்கும்னு எனக்கே நம்பிக்கை இல்ல. சொல்லிட்டு நடக்கலேன்னா நீ ஒடஞ்சிபூடுவே." அது அன்றைக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

தை பிறந்தது. அரக்கோணத்திலிருந்து மாமியாரின் அண்ணன் வந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெற்றிலையைப் போட்டுக்கொண்டு கூடத்தில் பாயில் உட்கார்ந்தார். மாமியார் அவருக்குப் பக்கத்தில், என் வீட்டுக்காரர் எதிர்ச்சுவர் ஓரம், தலையைக் குனிந்துகொண்டு. நான் குழந்தையோடு சமையலறை நிலையில் நின்றேன்.

"ஒரே பேஜாரா கீதுன்னு தங்கச்சி சொல்லி அனுப்ச்சா" என்று பெரியவர் ஆரம்பித்தார். "ஏம்மா, உங்க வூட்ல உன் தம்பியைத் தவிர கால் சரியில்லாதவங்க வேற யாராவது உண்டா?"

இல்லை என்றேன்.

"மறச்சிட்டீங்க. போவட்டும். இப்ப இந்தப் பொண்ணு கதை இன்னா? நானும் யோசிச்சுப் பாத்தேன். நீயும் குழந்தையும் கொஞ்ச நாள் குடியாத்தத்துல போய் இருங்க. அங்க யாராவது நாட்டு வைத்தியன்கிட்ட காட்டுங்க. சரியானா வாங்க."

சரியானால் வாங்க. என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். திரும்பவும் குனிந்துகொண்டார். அந்த மனுஷருக்காகக் காத்திருந்தால் ரயில் போய்விடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் குழந்தையைத் தரையில் இறக்கினேன்.

"ஐயோ, கீழ விடாதே!" என்று மாமியார் கத்தினார்.

அவள் நிற்கவில்லை. சிமெண்டுத் தரை சில்லென்று இருந்திருக்கும். காலை இழுத்துக்கொண்டு தொப்பென்று உட்கார்ந்தாள். பெரியவர் உச்சுக் கொட்டினார். பட்டைமேடாக இருந்தால் கால் புதைந்து பிடிப்பு இருக்கும். இது வழவழவென்ற தரை. வாழ்நாளில் எதையும் நம்பாத நான், சுவர் மூலையிலிருந்து ஒரு தடவை பார்த்ததை நம்பி நின்றுகொண்டிருந்தேன்.

அவளைத் தூக்கி, அவள் பாதங்களை என் பாதங்களின்மேல் வைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வெட்கத்தை விட்டு, மாமியாரும் பெரியவரும் பார்க்க, வாயால் குட்ஸ் வண்டிச் சத்தம் போட்டேன். பெரியவர் ரயில்வேக்காரர், வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். மகளுக்குப் புரிந்துவிட்டது. "கூ" என்றாள்.

என் வீட்டுக்காரர் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கும் மறக்கமுடியவில்லை. திருடனைப் பிடித்தால் திருடன் பார்ப்பானே, அப்படி.

பாதி கூடம் வந்ததும் அவளைத் தரையில் நிறுத்திக் கையை விட்டேன். ஆடினாள். கையை விரித்தாள். சரிந்து, நிமிர்ந்து, ஒரு காலை எடுத்து வைத்தாள். அப்புறம் இன்னொன்று. அவள் நேராகப் போனது அவரிடம்தான். ஆனால் அவர் கைகள் மடியிலேயே இருந்தன. அம்மா இருக்கிறார், மாமன் இருக்கிறார். அவள் நடுவில் நின்றாள். கைகள் வரவில்லையே என்று பார்த்தாள். முகம் கோணியது, உடம்பு ஒரு பக்கம் சாய ஆரம்பித்தது.

"புடிங்க!" என்று கத்திவிட்டேன்.

அவர் முழங்கால் போட்டு எழுந்து, பெரியவர்கள் எதிரில், இரண்டு கைகளையும் அகல நீட்டினார். அவள் மிச்ச தூரத்தையும் ஓடியே வந்து மார்பில் விழுந்தாள். அவர் அவளை விடவில்லை. எல்லார் எதிரிலும் கட்டிக்கொண்டு, அவள் தலையில் முகத்தை வைத்துக்கொண்டார். நான் அழுதுவிட்டேன். எனக்கு வெட்கமாகவும் இல்லை.

"இன்னாடா இது, பெரியவங்க எதிர்ல" என்று மாமியார் சொன்னார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. பெரியவர் வெற்றிலை துப்ப வெளியே போனவர் வெகுநேரம் உள்ளே வரவில்லை.

அன்றைக்கே மாமியார் டப்பாவைத் திறந்தார். மாவைப் பிசைந்து, தட்டி, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அவள் பாதத்தைப் பதித்தார். நான் பூரணம் வைத்து மூடி வேகவைத்தேன். வெந்து வந்ததைத் தட்டில் அடுக்கும்போது பார்த்தால், முதலில் பதித்த கொழுக்கட்டையின் வெள்ளையில், விரல்களுக்கு நடுவே, பழுப்பாகக் கோடு கோடாக இறங்கியிருந்தது. காலைக் கழுவித்தான் கொடுத்தேன். ஆனாலும் அந்தக் கறை போகிற கறையா?

மாமியார் குனிந்து பார்த்தார். "இது இன்னாமே? நடக்கறதுக்கு முன்னாடியே கால்ல இன்னா அழுக்கு?"

"வெல்லம் அத்தை. பூரணம் கசிஞ்சிருக்கு" என்றேன்.

அவர் நம்பவில்லை. அந்த விஷயத்தில் என்னைவிடக் கெட்டிக்காரி. எடுத்து ஒரு வாய் கடித்துப் பார்க்கலாம் என்று கையை நீட்டினார். அதற்குள் என் வீட்டுக்காரர் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"வெல்லம்தானா?" என்று அவர் அம்மா கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தபடியே மென்றார். பட்டையின் துவர்ப்பு முகத்தில் தெரிந்தது.

"வெல்லந்தாம்மா" என்று சொல்லிவிட்டு முழுசையும் தின்று முடித்தார்.